பச்சைக் கம்பி

என் நண்பர் ஒருவரைத் திருடர் என்று எட்டுப் பேர் முன்னிலையில் சொன்னேன். அவர் திருடவில்லை. அவர் எடுத்துக்கொண்டதாக நான் சொன்ன பொருள் அந்த நேரத்தில் என் கையிலேயே இருந்தது.

அந்தப் பொருள் ஒரு கேபிள். இரண்டு முழ நீளம்கூட வராது. ஒரு முனையைக் கணினியின் யூஎஸ்பி துளையில் செருகவேண்டும். மறுமுனையில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நான்கு கம்பிகள் பிரிந்து தொங்கும். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் சிறிய பிளாஸ்டிக் உறை, அதன் முகப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. விளக்கையோ மோட்டாரையோ நாம் சொன்னபடி இயக்கும், தீப்பெட்டி அளவே உள்ள மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் ஊசிகளில் அவற்றை மாட்டினால், கணினியில் எழுதிய புரோகிராம் போர்டுக்குள் போய்ச்சேரும். செருகியின் தடித்த தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. கணினி சொல்வதைப் போர்டுக்கும் போர்டு சொல்வதைக் கணினிக்கும் புரியும்படி மாற்றித் தருவது அதுதான். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. வெள்ளை வழியாகப் போர்டு பேசுவது கணினிக்கு வரும். பச்சை வழியாகக் கணினி பேசுவது போர்டுக்குப் போகும். இவ்வளவு தெரிந்தால் போதும், நான் சொல்லப்போவது புரிந்துவிடும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சிங்கப்பூரில், செங்காங்கில், மனைவியோடு இருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு தமிழ்ச் சங்கத்தின் மாடி அறையில் கூடுவோம். பத்துப் பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். மீன்தொட்டிக்குத் தானாக எரியும் விளக்கு, தாழ்வாரச் செடிக்குத் தானாக நீர் ஊற்றும் குழாய் என்று ஆளுக்கு ஒன்று செய்துகொண்டிருப்போம். குழுவை நடத்தியவர் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எங்கள் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். கருவிகள் வைக்க ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதன் சாவி என் நண்பரிடம் இருந்தது. தீவின் வடகோடியில் உள்ள உட்லண்ட்ஸிலிருந்து வருகிறவர் அவர், இருந்தும் எல்லாருக்கும் முன்னால் வந்து கதவு திறந்து மின்விசிறியைப் போட்டுவைப்பார்.

கப்பல் பட்டறையில் மின்பணியாளராக இருந்தவர். படிப்பு உயர்நிலைப்பள்ளியோடு சரி. ஆனால் கம்பிகளைப் பற்றவைக்க அவர் வைத்த சால்டர் பொட்டு கண்ணாடிபோல மின்னும். என்னைச் ‘சார்’ என்றே கூப்பிடுவார். ஒருமுறை எல்லாருக்கும் ஒரு மோட்டாரை ஓட்டிக்காட்ட நான் முயன்றபோது அது ஓடவில்லை. நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து இரண்டு கம்பிகளை மாற்றி மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். என் முதுகுக்குப் பின்னால் மோட்டார் ஓட ஆரம்பித்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மறக்கவில்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் கத்தோலிக்கர். அந்த ஆண்டு தம் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு நட்சத்திரம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தார். சட்டென்று எரியாமல், இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒளி கூடி, அதேபோல மங்கவேண்டும். அதற்குப் புரோகிராம் ஏற்ற என் கேபிளை இரண்டு வாரம் இரவல் கேட்டார். கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை திருப்பித் தந்தார். ரப்பர் பேண்ட் போட்டு, நான் சுற்றுவதைவிட நேர்த்தியாகச் சுற்றியிருந்தார்.

“பாத்து வச்சுக்கங்க சார்” என்றார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. வீட்டில் மடிக்கணினி, மல்டிமீட்டர், சால்டரிங் இரும்பு, மனைவியின் கத்தரிக்கோல், தையல் இயந்திரம் எல்லாவற்றோடும் கேபிளையும் வைத்துப் பூஜை செய்தோம். பூஜை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் அதை நான் பயன்படுத்தவில்லை. பிறகுதான், மனைவிக்காகச் செய்துகொண்டிருந்த மாத்திரைப் பெட்டியின் வேலை நினைவுக்கு வந்தது. எந்த வேளைக்கு எந்த அறை என்று சின்ன விளக்கு எரிந்து காட்டும் பெட்டி. கேபிளைச் செருகினேன். கணினி வழக்கமான ஓசை எழுப்பியது. பட்டியலில் கேபிளின் பெயரும் வந்தது. புரோகிராமை ஏற்றச் சொன்னேன். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: போர்டு பதில் சொல்லவில்லை.

வேறு போர்டை மாட்டினேன். வேறு துளையில் செருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். பச்சையையும் வெள்ளையையும் இடம் மாற்றினேன், அது எல்லாரும் செய்யும் தவறு என்பதால். வேகத்தைக் குறைத்தேன். அதே சிவப்பு வரிதான். கடைசியில் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, பச்சைக் கம்பியையும் வெள்ளைக் கம்பியையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்து, விசைப்பலகையில் ஓர் எழுத்தை அடித்தேன். கேபிள் நன்றாக இருந்தால் அடித்த எழுத்து பச்சை வழியாகப் போய் வெள்ளை வழியாகத் திரும்பி வந்து திரையில் தெரியவேண்டும். தெரியவில்லை.

ஆகவே குறை கேபிளில்தான். இதுவரை நான் செய்தது சரி. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று என் மாணவர்களுக்கு எத்தனையோ ஆண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். செருகி, சிப், கம்பி, நுனி, ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். பத்து நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை. குறை எங்கே என்று தேடவேண்டிய இடத்தில், செய்தது யார் என்று தேட ஆரம்பித்தேன்.

இணையத்தில் தேடினேன். இப்படிப்பட்ட கேபிள்களில் போலிச் சிப்கள் நிறைய உண்டு என்று பலர் எழுதியிருந்தார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கணினியில் பெயர்கூட வரும், ஆனால் வேலை செய்யாது என்றார்கள். என்னுடையது நல்ல கேபிள். எத்தனையோ முறை வேலை செய்தது. அப்படியானால் இது என்னுடையதுதானா?

செருகியின் தலையில், அடிப்பக்கம், கறுப்புப் பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளி நிற மை பேனாவால் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவைத்திருந்தேன். திருப்பிப் பார்த்தேன். எழுத்து இல்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

நண்பருடைய அக்கா மலேசியாவில், ஜொகூரில் இருக்கிறார். நண்பர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாலம் தாண்டி அவரைப் பார்க்கப் போய்வருவார். அங்கே மின்னணுச் சாமான் விற்கும் கடைகள் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு போலியை வாங்கி, என் நல்ல கேபிளை வைத்துக்கொண்டு, போலியை அழகாகச் சுற்றி என்னிடம் தந்துவிட்டார். ‘பாத்து வச்சுக்கங்க சார்.’ அந்தச் சொற்களைப் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒரு நக்கல் கூடிக்கொண்டே போனது.

மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அவரா? அவரு எதுக்குங்க உங்க வயர எடுக்கப்போறாரு? போன் போட்டுக் கேளுங்க” என்றாள்.

போன் செய்தேன், ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. பொறி வைப்பவன்போல, எந்தக் கம்பியை எந்த ஊசியில் மாட்டினீர்கள், எத்தனை வோல்ட் கொடுத்தீர்கள் என்று சுற்றி வளைத்தேன். கலர் பார்த்துத்தான் மாட்டினேன் என்று சொல்லிச் சிரித்தார். ஏன் சிரிக்கவேண்டும் என்று யோசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் அவரையே கவனித்தேன். அலமாரியைத் திறந்தபோது கை எங்கே போகிறது, பையை எங்கே வைக்கிறார், யாரோடு தனியாகப் பேசுகிறார் என்று பார்த்தேன். அன்றைக்குத்தான் அவர் தம் நட்சத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார். டீச்சர் விளக்கை அணைத்தார். இருட்டான அறையில் நட்சத்திரம் மெல்ல மெல்ல வெளிச்சமாகி, ஒரு மூச்சு நேரம் நின்று, மறுபடி மங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன். எந்தக் கேபிளில் ஏற்றினீர்கள்?

“உங்க கேபிள்தான் சார். முடிச்சிட்டுத்தானே கொண்டாந்து குடுத்தேன்.”

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவரிடம் வேலை செய்யும் கேபிள் ஒன்று இருந்திருக்கிறது. என்னிடம் இருப்பது வேலை செய்யவில்லை. ஆகவே கேபிள்கள் இரண்டு. வகுப்பில் தேற்றம் நிறுவுகிறவன்போல இதை மனத்துக்குள் நிறுவினேன். நிறுவி முடித்ததும் ஏற்பட்ட நிறைவை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை, தேநீர் வந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, கேபிளை மேசைமேல் வைத்தேன். போலிச் சிப் பற்றிச் சொன்னேன். எழுத்து திரும்பி வராததைச் சொன்னேன். என் அடையாளம் காணாமல் போனதைச் சொன்னேன். கடைசியாக இதை இரவல் வாங்கியவர் யார் என்பதையும் சொன்னேன். சத்தம் போடவில்லை. விரிவுரைக் குரலிலேயே சொன்னேன். அது இன்னும் மோசம்.

எங்களில் ஒருவர், காத்தோங்கில் இருப்பவர், “என்ன சார், எடுத்துட்டாருன்னு சொல்றீங்களா?” என்று கேட்டார்.

“வேற என்னன்னு சொல்றது? திருட்டுக்கு வேற பேரு இருந்தா சொல்லுங்க” என்றேன்.

நண்பர் கேபிளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது உங்க கேபிள்தான் சார்” என்றார். அப்படியானால் என் எழுத்து எங்கே என்று கேட்டேன். அவர் கேபிளைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

பிறகு அவர் தம் பையை எடுத்து மேசைமேல் வைத்து, அதிலிருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு. ஒரு சிறு டப்பாவில் திருகாணிகள். பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். ஜெபமாலை. மடித்த கைக்குட்டை. அலமாரிச் சாவி. பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். காட்டும்படி யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. திருடியதை இங்கேயா கொண்டுவருவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எல்லாவற்றையும் மறுபடி பைக்குள் வைத்தார். சாவியை மட்டும் டீச்சர் பக்கம் தள்ளிவிட்டார். டீச்சர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் மூட்டிய சந்தேகம் என்னோடு நிற்கவில்லை. ஒருவருக்குப் போன ஆண்டு ஒரு சால்டரிங் முனை காணாமல் போனது நினைவுக்கு வந்தது. இன்னொருவர் தம் மீட்டரின் பேட்டரியை யாரோ மாற்றிவிட்டதாகச் சொன்னார். அடுத்த வாரம் அலமாரிக்கு எண் பூட்டு வந்தது. எண்ணை எல்லாருக்கும் கைப்பேசியில் அனுப்பினார்கள். நண்பர் ஒருவருக்கு மட்டும் அனுப்பவில்லை. அவர் வழக்கம்போல முதல் ஆளாக வந்து, தம்மால் திறக்க முடியாத அலமாரியருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு சனிக்கிழமை அப்படி வந்தார். பிறகு வரவில்லை.

நான் புதிய கேபிள் வாங்கினேன். செருகியதும் வேலை செய்தது. அதையும் அவருக்கு எதிரான சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் வந்து போயிற்று. நட்சத்திரத்தைப் பார்க்க நான் போகவில்லை.

தைப்பூசத்துக்குப் பிறகு டீச்சர் என்னை ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார். போலிக் கேபிளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது தலைப்பு. உற்சாகமாக ஒப்புக்கொண்டேன். போலிச் சிப் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, பழைய கேபிளின் செருகியைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே சிப்பின்மேல் இருந்த எழுத்துகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். இணையத்தில் அசல் என்று போட்டிருந்த படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நல்ல போலி என்று நினைத்தேன். உரையில் சொல்லலாமே என்று மல்டிமீட்டரை எடுத்து, சிப்பின் காலிலிருந்து கம்பி நுனிவரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு, தொடர்பு உண்டு என்று பீப் அடித்தது. கறுப்பு, பீப். வெள்ளை, பீப். பச்சை பேசவில்லை.

பச்சைக் கம்பியின் நுனியிலிருந்த பிளாஸ்டிக் உறையை ஊசியால் நெம்பிக் கழற்றினேன். உள்ளே ஊசியைப் பிடித்துக்கொள்ளும் சிறிய உலோக மடிப்பு முழுக்க, வெளிர் மஞ்சளாக ஏதோ இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. ஓர் ஓரத்தில் சிவப்பாக ஒரு துளி.

எனக்குக் காப்பி கொண்டுவந்த மனைவி மேசையருகே நின்றாள்.

“என்னங்க, சந்தன வாசம் வருது?”

ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான்தான். சால்டரிங் இரும்புக்குப் பிடியில் வைத்தேன். மடிக்கணினிக்கு மூடியில் வைத்தேன். கேபிளுக்கு எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்தது இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது. நான்கு நுனிகளையும் சேர்த்துப் பிடித்தால் சின்னதாக ஒரு முகம்போல இருந்தது. பன்னீரில் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அந்த முகத்தில், ஓரமாக, பச்சையின் துளை இருந்த இடத்தில், விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். அதன்மேல் குங்குமம். மறுநாள் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். துடைத்தது வெளியே இருந்ததை எடுத்து, உள்ளே இருந்ததை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது. விரலில் ஒட்டிய குங்குமம் செருகியிலும் படிந்திருந்ததால் அதையும் அதே பஞ்சால் தேய்த்தேன். அந்த வெள்ளி மைப் பேனாவைத் தேடி எடுத்து, பிளந்த செருகியின்மேல் ஒரு கோடு போட்டு, காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தேன். கோடு போய்விட்டது.

கேபிள் கடைசியாக யார் கையில் இருந்தது என்று எட்டுப் பேரிடம் சொன்னவன், பூஜை செய்தவனைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பூஜையில் வைப்பதும் அதைக் கையாள்வதுதான் என்று நான் நினைத்ததில்லை.

உடனே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசை. அப்படிச் செய்யவில்லை. சளி என்று சொல்லி உரையைத் தள்ளிப்போட்டேன். கழற்றிய பச்சை நுனியை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். மூன்று வாரம் அது அங்கே இருந்தது. அந்த நாள்களில் மனைவியைச் சந்தேகப்பட்டேன், யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்று. அவள் கைப்பேசியில் பேசினால் பக்கத்து அறையில் நின்று கேட்டேன். அவள் அதைக் கவனித்திருக்கவேண்டும். ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது, “நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்” என்றாள். அடுத்த நாள் உட்லண்ட்ஸுக்குக் கிளம்பினேன்.

அவருடைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழே போய் நின்று, வந்துவிட்டேன் என்று போன் செய்தேன். நானே கீழே வருகிறேன், மேலே வேண்டாம் என்றார். முன்பெல்லாம் அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பமாட்டார்கள். கீழ்த்தளத்துக் கல்மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். டப்பாவைத் திறந்து பச்சை நுனியை வைத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நுனியைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அவர் மின்பணியாளராக மட்டுமே இருந்தார். ஊசி நுழையும்போது இறுக்கமாக இருந்ததா என்று கேட்டார். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது என்றேன். தலையாட்டினார்.

“காண்டாக்ட்ல சந்தனமா” என்றார். பிறகு, “டீச்சர்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்றார்.

முதலில் உங்களிடம் சொல்லவேண்டும் என்று வந்தேன் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் நுனியை டப்பாவில் போட்டு மூடி என் பக்கம் தள்ளினார்.

“எங்கிட்ட வந்து சொல்றது ஈசி லா சார். நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க எட்டுப் பேரு.”

பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். பேருந்து வந்ததும் கையைத் தூக்கிக் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். சந்தனம் என்ற இடம் வந்ததும் ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர், “நல்ல வேள சார், லேப்டாப்புக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தாம விட்டீங்களே” என்றார். அறையே சிரித்தது. நான் என் குற்றத்தைச் சொல்ல வந்திருந்தேன். அது ஒரு கிழவனின் வேடிக்கைக் கதையாகிவிட்டது. சிரிக்காதவர் டீச்சர் ஒருவர்தான். சிரிப்பு அடங்கியதும், “அவருக்கு நம்பர் அனுப்பவேணாம்னு சொன்னது நான்தான்” என்றார். சிரித்தவர்கள் அப்போதுதான் தங்கள் தேநீர்க் குவளையைப் பார்த்தார்கள்.

மிச்சம் மூன்று பேர். ஒருவர் மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டிருந்தார். நீண்ட குரல்பதிவு அனுப்பினேன். கேட்டதற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. காத்தோங்காரரை நேரில் போய்ப் பார்த்தேன். சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவரை வாசலிலேயே பிடித்தேன். நான் சொல்லி முடித்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை.

“நான் அன்னைக்கே நம்பல சார்.”

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க லெக்சரர். நான் ஒண்ணு சொல்லி, நீங்க எந்திரிச்சுப் படம் போட்டு விளக்க ஆரம்பிச்சா நான் எங்க போறது?”

மூன்றாமவர் முதியோர் இல்லத்தில் இருந்தார். எங்கள் எல்லாரிலும் மூத்தவர். நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். சனிக்கிழமைக் கூட்டத்தை விசாரித்தார். நான் ஆரம்பிப்பதற்குள், “அந்தத் திருட்டு ஆளு இன்னும் வர்றானா?” என்று கேட்டார். பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியா, பாவமே என்றார். அடுத்த மாதம் போனபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டார். மறுபடி சொன்னேன். கேபிள், சந்தனம், என் பெயர், எதுவும் அவரிடம் நிற்கவில்லை. நான் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் நின்றுவிட்டது. மாதம் ஒருமுறை போகிறேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்கிறேன்.

டீச்சர் உட்லண்ட்ஸுக்குப் போய் நண்பரைக் கூப்பிட்டார். சில மாதம் கழித்து அவர் ஒரு சனிக்கிழமை வந்தார். பழைய பூட்டையே போட்டு சாவியை அவரிடம் தருவதாக டீச்சர் சொன்னதற்கு, வேண்டாம், எண் பூட்டே இருக்கட்டும் என்றார். இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு முறை வருகிறார். எல்லாரும் வந்தபிறகு வருகிறார். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். சர்க்கரை எவ்வளவு, முழங்கால் எப்படி என்றெல்லாம் கேட்கிறார். சொந்தமாக ஒரு கேபிள் வாங்கிவிட்டார்.

சென்ற மாதம் என் புதிய கேபிளின் செருகி நாற்காலிச் சக்கரத்தில் மாட்டி நசுங்கிப்போனது. மாத்திரைப் பெட்டியில் ஒரு வேளையின் நேரத்தை மாற்றவேண்டியிருந்தது. நண்பரிடம் அவருடையதை ஒரு வாரத்துக்குக் கேட்டேன். தயங்காமல் பையிலிருந்து எடுத்தார். மேசைமேல் நீட்டி வைத்து, கைப்பேசியில் படம் எடுத்தார். செருகியை மேல்பக்கம், அடிப்பக்கம். நான்கு நுனிகளையும் பக்கத்தில் வைத்து ஒன்று.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். ரெண்டு பேருக்கும் நல்லதுதானே.”

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

வேலை முடிந்து அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை மேசைமேல் நீட்டி வைத்து, கைப்பேசியில் பழைய படத்தைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, கேபிளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அறையில் மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.